சுவிட்ச் இரண்டு இருந்தும் நெட்வொர்க் நின்றது ஏன்?

நிறுவன நெட்வொர்க்கில் ஒரு சுவிட்ச் (கணினிகளைக் கேபிள்களால் ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி) பழுதானாலும் வேலை நிற்காதபடி மாற்று ஏற்பாடு செய்வது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே இடம்பெறுகின்றன. இவற்றில் பெரும்பாலானவை, மாற்று ஏற்பாடு செய்து முடித்த பிறகும் நெட்வொர்க் நின்றுபோன அனுபவத்திலிருந்து எழுந்தவை. ஆகவே சில பதில்களைச் சற்று விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தின் ஒவ்வொரு தளத்திலும் உள்ள சுவிட்சிலிருந்து மைய சுவிட்சுக்கு ஒரே ஒரு கேபிள்தான் இருந்தது. அது அறுந்தால் அந்தத் தளமே துண்டிக்கப்படும் என்று அஞ்சி, இன்னொரு கேபிளையும் இழுத்து இணைத்தோம். இணைத்த சில நொடிகளில் எல்லாத் தளங்களிலும் நெட்வொர்க் நின்றுவிட்டது. புதிய கேபிளைப் பிடுங்கியதும் சரியாயிற்று. பாதுகாப்புக்காகச் செய்தது எப்படிக் கேடாக முடிந்தது?

பதில்: இரண்டாவது கேபிளை இணைத்த கணத்தில் அந்த இரு சுவிட்சுகளுக்கும் இடையில் ஒரு வளையம் உருவாகிவிட்டது. நெட்வொர்க் துறையில் இதை லூப் என்பார்கள். நெட்வொர்க்கில் உள்ள எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டிய பிராட்காஸ்ட் செய்தி ஒன்று வந்தால், அது வந்த போர்ட்டைத் (கேபிள் செருகும் இடம்) தவிர மற்ற எல்லாப் போர்ட்டுகளிலும் சுவிட்ச் அதை வெளியே அனுப்பும். உங்கள் அமைப்பில் அந்தச் செய்தி முதல் கேபிள் வழியாக மேலே சென்று, இரண்டாவது கேபிள் வழியாகத் திரும்பி வந்து, மறுபடி முதல் கேபிளில் ஏறும். ஐ.பி. பாக்கெட்டுக்கு ஆயுள் எண் ஒன்று உண்டு. ஒவ்வொரு ரவுட்டரைக் கடக்கும்போதும் அது ஒன்று குறைந்து, பூஜ்யம் ஆனதும் பாக்கெட் கைவிடப்படும். சுவிட்சுகள் கடத்தும் தகவல் பொதியான ஈதர்நெட் ஃபிரேமில் அத்தகைய எண் எதுவும் கிடையாது. வளையத்தில் சிக்கிய ஃபிரேம் யாராவது கேபிளைப் பிடுங்கும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும்; ஒவ்வொரு சுற்றிலும் அதன் நகல்கள் மற்ற போர்ட்டுகளின் வழியாக எல்லாத் தளங்களுக்கும் பரவும். ஒரு தளத்தில் போட்ட கேபிள் எல்லாத் தளங்களையும் முடக்கியதற்கு இதுவே காரணம்.

இந்தச் சிக்கலைத் தீர்க்க 1985இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனில் பணியாற்றிய ராடியா பெர்ல்மன் உருவாக்கியதுதான் ஸ்பேனிங் ட்ரீ என்னும் நெறிமுறை. 1990இல் ஐ.இ.இ.இ. அமைப்பு அதை 802.1டி என்ற தரமாக வெளியிட்டது. சுவிட்சுகள் தமக்குள் செய்திகளைப் பரிமாறிக்கொண்டு ஒன்றை வேராகத் தேர்ந்தெடுக்கும். பிறகு ஒவ்வொரு சுவிட்சும் அந்த வேருக்குச் செல்லும் மிகச் சிறந்த பாதையை மட்டும் திறந்து வைத்து, வளையத்தை உண்டாக்கும் மற்றப் பாதைகளை அடைத்து வைக்கும். அடைத்த பாதை வீணான பாதை அன்று. திறந்திருக்கும் பாதை அறுந்தால் அதன் இடத்தை ஏற்பதற்காகக் காத்திருக்கும் பாதை அதுவே. உங்கள் அலுவலகத்தில் ஸ்பேனிங் ட்ரீ அணைக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது அதன் செய்திகளைத் தடுக்கும்படி அந்தப் போர்ட்டில் யாரேனும் ஃபில்டர் போட்டிருக்க வேண்டும், அல்லது அச்செய்திகளைக் கடத்தாத எளிய சுவிட்ச் ஒன்று அங்கே இருக்க வேண்டும். மூன்றையும் சரிபார்த்த பிறகே கேபிளை மறுபடி இணையுங்கள்.

ஸ்பேனிங் ட்ரீயை இயக்கினால் மட்டும் போதாது. வேர் எது என்பதை நீங்களே தீர்மானிக்க வேண்டும். எல்லா சுவிட்சுகளும் 32768 என்ற முன்னுரிமை எண்ணுடனேயே வருகின்றன. எண் குறைந்த சுவிட்சே வேராகும்; எண் சமமாக இருந்தால் மாக் முகவரி (ஒவ்வொரு கருவிக்கும் தயாரிப்பிலேயே தரப்படும் தனி எண்) எதற்குக் குறைவோ அந்த சுவிட்சே வேராகும். பழைய சுவிட்சுகளின் மாக் முகவரி பெரும்பாலும் குறைவாக இருப்பதால், மூலையில் கிடக்கும் மிகப் பழைய பெட்டி முழு நெட்வொர்க்குக்கும் தலைமை ஏற்றுவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். மைய சுவிட்சுக்கு 4096, அதன் மாற்றுக்கு 8192 என்று எழுதிவைத்தால் இந்த நிலை வராது. பயனர் கணினிகளுக்கான போர்ட்டுகளில் பி.பி.டி.யு. (ஸ்பேனிங் ட்ரீ செய்தி) கார்டு என்னும் காவலையும் போட்டுவிடுங்கள். மேசைக்கு அடியில் ஒருவர் தவறுதலாக ஒரு சுவிட்சைச் செருகினால் அந்தப் போர்ட் மட்டும் தானாக மூடிக்கொள்ளும்.

இதைச் சிறிய விஷயமாக எண்ண வேண்டாம். 2002 நவம்பரில் பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீகோனஸ் மருத்துவ மையத்தில் ஸ்பேனிங் ட்ரீ தன் எல்லையை மீறி வளர்ந்த நெட்வொர்க்கைத் தாங்க முடியாமல் குலைந்தது. அந்தப் பெரிய மருத்துவமனை ஏறத்தாழ 4 நாட்கள் காகிதத்தில் எழுதி வேலை பார்க்க நேர்ந்தது. அதன் தகவல் தொழில்நுட்பத் தலைவரே நடந்ததை மறைக்காமல் வெளியில் எடுத்துச் சொன்னதால், மற்ற நிறுவனங்களும் தங்கள் நெட்வொர்க்கைத் திரும்பிப் பார்க்க வழி பிறந்தது.

கேள்வி: எங்களிடம் ஸ்பேனிங் ட்ரீ சரியாகவே இயங்குகிறது. ஆனால் முதன்மைக் கேபிள் பழுதானபோது மாற்றுப் பாதை திறக்க ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆயிற்று. தொலைபேசி அழைப்புகள் எல்லாம் அறுந்துபோயின. இதைக் குறைக்க முடியுமா?

பதில்: முடியும். நீங்கள் சொல்லும் கால அளவைப் பார்த்தால், 1990ஆம் ஆண்டின் பழைய வடிவமே இன்னும் உங்கள் சுவிட்சுகளில் இயங்குகிறது என்று தெரிகிறது. அந்த வடிவத்தில், எதிர்முனையிலிருந்து செய்தி வரவில்லை என்று முடிவு செய்ய 20 நொடி, கேட்கும் நிலையில் 15 நொடி, கற்கும் நிலையில் 15 நொடி என்று மொத்தம் 50 நொடி ஆகலாம். கேபிள் நேரடியாகத் தன் போர்ட்டிலேயே அறுந்தால் முதல் 20 நொடி மிச்சமாகி 30 நொடியில் பாதை திறக்கும். 2001இல் வெளிவந்த 802.1டபிள்யூ என்னும் ரேபிட் ஸ்பேனிங் ட்ரீ இந்தக் காத்திருப்பைப் பெரும்பாலும் நீக்கிவிட்டது. சுவிட்சுகள் ஒன்றோடொன்று நேரடியாகக் கேட்டு ஒப்புதல் பெற்றுக்கொண்டு பாதையைத் திறப்பதால், மாற்றம் பொதுவாக ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் முடிந்துவிடும்.

இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. பயனர் கணினிகள் உள்ள போர்ட்டுகளை எட்ஜ் போர்ட் என்று குறித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை பாதை மாறும்போதும் அந்தப் போர்ட்டுகள் ஒப்புதலுக்காகக் காத்திருந்து 30 நொடி தாமதிக்கும். மேலும், பழைய வடிவத்தை மட்டுமே அறிந்த சுவிட்ச் இணைந்திருக்கும் போர்ட்டில் புதிய சுவிட்சும் பழைய முறைக்கே இறங்கிவிடும். எனவே மாற்றினால் எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

ஒரு நொடித் தடங்கலைக்கூடத் தாங்க முடியாத இடங்களும் உண்டு. மின் துணை நிலையங்களின் பாதுகாப்புக் கருவிகளுக்கு ஐ.இ.சி. 62439-3 தரத்தில் பி.ஆர்.பி. என்னும் முறை வகுக்கப்பட்டிருக்கிறது. அதில் ஒவ்வொரு செய்தியும் இரண்டு தனித்தனி நெட்வொர்க்குகளில் ஒரே நேரத்தில் அனுப்பப்படும். முதலில் வந்ததை எடுத்துக்கொண்டு பின்னால் வந்ததைக் கருவி கைவிட்டுவிடும். பாதை மாற்றம் என்ற பேச்சே அங்கு இல்லாததால் தடங்கல் நேரமும் பூஜ்யம். அலுவலகத்துக்கு அது தேவையில்லை.

கேள்வி: மையத்தில் இரண்டு சுவிட்சுகள் வைக்கப் போகிறோம். இரண்டையும் ஸ்டாக் செய்து ஒரே சுவிட்சாக ஆக்கலாம் என்கிறார் ஒருவர். தனித்தனியாக வைத்து எம்-லாக் முறையில் இணைக்க வேண்டும் என்கிறார் இன்னொருவர். எது நல்லது?

பதில்: மையத்தில் தனித்தனியாக வையுங்கள், தளங்களில் உள்ள சுவிட்சுகளை ஸ்டாக் செய்யுங்கள். இது என் தெளிவான கருத்து. காரணத்தையும் சொல்கிறேன்.

ஸ்டாக் செய்த சுவிட்சுகளுக்கு உடல் இரண்டு, மூளை ஒன்று. ஒரே அமைப்புக் கோப்பு, ஒரே நிர்வாக முகவரி, ஒரே மென்பொருள் என்பதால் பராமரிப்பது எளிது. ஒரு பெட்டியின் வன்பொருள் பழுதானால் மற்றது தொடர்ந்து இயங்கும். ஆனால் நெட்வொர்க்கை நிறுத்துவது வன்பொருள் பழுது மட்டும் அன்று. மென்பொருளில் உள்ள ஒரு பிழையோ, தவறாகத் தட்டிய ஒரு கட்டளையோ, மூளை ஒன்றாக இருக்கும்போது இரண்டு பெட்டிகளையும் ஒருசேர வீழ்த்தும். ஃபர்ம்வேர் புதுப்பிக்கும்போது பெரும்பாலான மாதிரிகளில் ஸ்டாக் முழுவதும் மறுதொடக்கம் ஆகும். நாற்பது பேர் இருக்கும் ஒரு தளத்துக்கு இரவு நேரத்தில் பத்து நிமிடத் தடங்கல் பொறுக்கக் கூடியதே. சர்வர்களும் ஃபயர்வாலும் எல்லாத் தளங்களும் வந்து சேரும் மையத்தில் அது பொறுக்கக் கூடியது அன்று.

எம்-லாக் முறையில் இரண்டு சுவிட்சுகளும் தனித்தனி மூளையுடன் இயங்கும். கீழே உள்ள சுவிட்சுக்கோ சர்வருக்கோ மட்டும் ஒரே சுவிட்சைப் போலத் தோன்றும். ஆகவே இரண்டு பாதைகளும் திறந்திருக்கும், வளையமும் உண்டாகாது. ஒன்றைப் புதுப்பித்து மறுதொடக்கம் செய்யும்போது மற்றது சுமையை ஏற்றுக்கொள்ளும். இதற்குக் கொடுக்கும் விலை என்னவென்றால், அமைப்புகளை இரண்டிலும் தனித்தனியாக எழுதி, இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்று எப்போதும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் இதைத் தன் சொந்த முறையில் செய்வதால், ஜோடியாக அமையும் இரண்டு சுவிட்சுகளும் ஒரே தயாரிப்பாக இருக்க வேண்டும்.

இரண்டு முறைகளுக்கும் பொதுவான அபாயம் ஒன்று உண்டு. சுவிட்சுகளை இணைக்கும் கேபிள்கள் அறுந்து, இரண்டு பெட்டிகளும் உயிரோடு இருக்கும் நிலைமையைச் சொல்கிறேன். ஒவ்வொன்றும் மற்றது இறந்துவிட்டதாக நினைத்து, தானே தலைவன் என்று நடக்கத் தொடங்கினால், ஒரே முகவரியை இருவர் உரிமை கொண்டாடுவார்கள். அந்தக் குழப்பத்தைவிட ஒரு சுவிட்ச் முழுவதும் நின்றுபோவதே மேல். இதைத் தவிர்க்க, ஸ்டாக் கேபிள்களை எப்போதும் வளையமாக மூடி இணையுங்கள்; அந்த வளையம் அதற்கென்றே அமைந்தது, கெடுதல் செய்யாது. எம்-லாக்கில், மற்றது உயிரோடு இருக்கிறதா என்று கேட்கும் கீப்-அலைவ் செய்திக்கு, முதன்மை இணைப்போடு எந்த வகையிலும் சேராத தனிப் பாதை கொடுங்கள். அப்படிக் கொடுத்தால், முதன்மை இணைப்பு அறுந்ததும் இரண்டாம் நிலை சுவிட்ச் தன் போர்ட்டுகளைத் தானே மூடி ஒதுங்கிக்கொள்ளும். அந்த நேரத்தில் இரண்டாம் நிலை சுவிட்சில் மட்டும் ஒற்றைக் கேபிளால் இணைந்த கருவிகள் துண்டிக்கப்படக்கூடும் என்பதால், முக்கியமான எதையும் ஒற்றைக் கேபிளில் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் மைய சுவிட்சில் இரண்டு பவர் சப்ளைகள் உள்ளன. இரண்டும் ஒரே யு.பி.எஸ்.ஸில் இணைந்திருக்கின்றன. இது போதுமா?

பதில்: பவர் சப்ளை பழுதுக்குப் போதும், யு.பி.எஸ். பழுதுக்குப் போதாது. இரண்டையும் வெவ்வேறு யு.பி.எஸ்.ஸில், முடிந்தால் வெவ்வேறு மின்சுற்றில் இணையுங்கள். ஒன்று நின்றால் முழுச் சுமையும் மற்றதன் தலையில் விழும் என்பதால், ஒவ்வொரு யு.பி.எஸ்.ஸும் வழக்கமான நாளில் பாதிக்கும் குறைவான சுமையில் இயங்க வேண்டும்.

கேபிள் வழியே மின்சாரம் தரும் சுவிட்சாக இருந்தால் ஒரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். 48 போர்ட்டுகளுக்கும் தலா 30 வாட் கொடுத்தால் 1440 வாட் ஆகிறது. இரண்டு பவர் சப்ளையும் சேர்ந்துதான் அதைக் கொடுக்க முடியும் என்றால், ஒன்று பழுதான கணத்தில் சுவிட்ச் இயங்கினாலும் தொலைபேசிகளும் கேமராக்களும் வைஃபை கருவிகளும் அணைந்துபோகும். எவை கடைசிவரை எரிய வேண்டும் என்பதைப் போர்ட் வாரியாக முன்னுரிமை கொடுத்துக் குறித்து வையுங்கள்.

கேள்வி: இரண்டு 1 ஜிகாபிட் கேபிள்களை எல்.ஏ.சி.பி. மூலம் ஒன்றாக்கினோம். ஆனால் ஒரு பெரிய கோப்பை நகலெடுக்கும்போது 1 ஜிகாபிட்டுக்கு மேல் வேகம் வருவதில்லை. எங்கே தவறு?

பதில்: தவறு எதுவும் இல்லை. ஒரு தகவல் ஓட்டத்தின் ஃபிரேம்கள் வரிசை மாறாமல் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக, ஓர் ஓட்டத்தை முழுவதும் ஒரே கேபிளில்தான் சுவிட்ச் அனுப்பும். பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும்போதுதான் இரண்டு கேபிள்களும் நிறையும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டு கேபிள்களும் தலா 70 விழுக்காடு நிறைந்து ஓடிக்கொண்டிருந்தால், ஒன்று அறுந்ததும் மற்றது 140 விழுக்காட்டைச் சுமக்க முடியாது. அப்போது உங்களிடம் இருப்பது கூடுதல் வேகம் மட்டுமே. மாற்று ஏற்பாடு இல்லை.

கேள்வி: இரண்டு மைய சுவிட்சுகளிலும் வி.ஆர்.ஆர்.பி. (வெளியே செல்லும் வாசலான கேட்வே முகவரியை இரண்டு சுவிட்சுகள் பகிர்ந்து, ஒன்று நின்றால் மற்றது ஏற்கும் முறை) அமைத்திருக்கிறோம். முதல் சுவிட்சிலிருந்து ஃபயர்வாலுக்குச் செல்லும் கேபிள் பழுதானபோது இரண்டாவது சுவிட்ச் பொறுப்பை ஏற்கவே இல்லை. இணையம் முழுவதும் நின்றது. ஏன்?

பதில்: வி.ஆர்.ஆர்.பி.க்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: தலைமை சுவிட்சிடமிருந்து நொடிக்கு ஒரு முறை வர வேண்டிய அறிவிப்பு வருகிறதா, இல்லையா? உங்கள் முதல் சுவிட்ச் நலமாக இருந்து அறிவிப்பை அனுப்பிக்கொண்டே இருந்தது. அதன் பின்னால் இணையத்துக்குப் போகும் வாசல் அடைபட்டதை இரண்டாவது சுவிட்ச் அறிய வழியில்லை. இதற்குத் தீர்வு டிராக்கிங் என்னும் வசதி. ஸ்பேனிங் ட்ரீக்கு மாறாக இங்கே எண் கூடிய சுவிட்சே தலைமை. முதல் சுவிட்சுக்கு முன்னுரிமை 120, இரண்டாவதற்கு 100 என்று வைத்து, ஃபயர்வாலுக்குச் செல்லும் போர்ட் விழுந்தால் முதல் சுவிட்சின் எண் 30 குறையும்படி அமையுங்கள். 90 ஆனதும் இரண்டாவது சுவிட்ச் தலைமையை எடுத்துக்கொள்ளும். போர்ட் விழாமலேயே அப்பால் பழுது நேர்வதும் உண்டு. எனவே போர்ட்டின் நிலையை மட்டும் பார்க்காமல், ஃபயர்வாலுக்கு அப்பால் உள்ள ஒரு முகவரி பதில் தருகிறதா என்றும் சோதிக்கச் செய்வது இன்னும் நல்லது.

கணினிகளில் எழுதப்பட்ட கேட்வே முகவரி ஒரு மெய்நிகர் முகவரி என்பதால், தலைமை மாறும்போது அவற்றில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. முதல் சுவிட்ச் முழுவதும் நின்றுபோனால், முன்னுரிமை 100 உள்ள இரண்டாவது சுவிட்ச் ஏறத்தாழ 3.6 நொடி காத்திருந்து பொறுப்பேற்கும்.

பொறுப்பைத் திரும்ப ஒப்படைப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வி.ஆர்.ஆர்.பி.யில், மீண்டு வந்த முதல் சுவிட்ச் தலைமையை உடனே பறித்துக்கொள்வது இயல்பான அமைப்பு. ஆனால் அது விழித்தெழுந்த கணத்தில் அதன் ரவுட்டிங் அட்டவணை இன்னும் நிரம்பியிருக்காது. வழி தெரியாத ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைத்தது போலாகி, பழுதான நேரத்தைவிடச் சரியான நேரத்தில் அதிகத் தடங்கல் வரும். சில நிமிடங்கள் பொறுத்துத் தலைமை ஏற்கும்படி தாமதம் அமையுங்கள். கூடவே, ஸ்பேனிங் ட்ரீயின் வேராக இருக்கும் சுவிட்சே வி.ஆர்.ஆர்.பி.யின் தலைமையாகவும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தகவல் ஒரு சுவிட்சுக்குப் போய், அங்கிருந்து மற்றதற்குச் சென்று, வீணாகச் சுற்றும்.

கேள்வி: நெட்வொர்க்கை நிறுவிய நாளில் ஒரு சுவிட்சை அணைத்துப் பார்த்தோம்; மற்றது சரியாக ஏற்றுக்கொண்டது. 2 ஆண்டுகள் கழித்து முதல் சுவிட்ச் உண்மையாகவே பழுதானபோது எல்லாம் நின்றுவிட்டது. இரண்டாவது சுவிட்சின் அப்லிங்க் (மேல்நிலைக் கருவிக்குச் செல்லும் இணைப்பு) பல மாதங்களுக்கு முன்பே பழுதாகியிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. இனி இப்படி நேராமல் இருக்க என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கேள்வியைப் படித்தபோது வருத்தமாக இருந்தது, ஏனென்றால் இது மிகப் பரவலாக நடப்பது. மாற்று ஏற்பாடு நன்றாக இயங்கும்போது முதல் பழுது யார் கண்ணுக்கும் தெரியாது. பயனர் ஒருவரும் புகார் சொல்வதில்லை. அதனால் பழுது அப்படியே கிடக்கும். ஒரு சுவிட்ச் ஆண்டில் 99 விழுக்காடு நேரம் இயங்கும் என்று வைத்துக்கொண்டால், 8760 மணி நேரத்தில் 87.6 மணி நேரம் நின்றிருக்கும். அத்தகைய இரண்டு சுவிட்சுகள் ஒன்றையொன்று சாராமல் இயங்கினால், இரண்டும் சேர்ந்து நிற்கும் நேரம் ஆண்டுக்கு சுமார் 53 நிமிடமாகக் குறைகிறது. ஆனால் இந்தக் கணக்கு, பழுதான ஒன்றை உடனே கண்டு சரிசெய்கிறோம் என்ற அனுமானத்தில்தான் நிற்கிறது. பழுது தெரியாமல் பல மாதம் கிடந்தால், இரண்டு சுவிட்சின் செலவில் ஒரு சுவிட்சின் பாதுகாப்பையே நீங்கள் பெறுகிறீர்கள்.

ஆகவே முதலில் கண்காணிப்பைச் சரிசெய்யுங்கள். இணையம் வருகிறதா என்று மட்டும் பார்க்கும் கண்காணிப்பு இதற்கு உதவாது. காத்திருக்கும் போர்ட் ஒவ்வொன்றின் நிலை, எல்.ஏ.சி.பி. குழுவில் எத்தனை கேபிள் உயிரோடு இருக்கிறது, ஸ்டாக் வளையம் மூடியிருக்கிறதா, இரண்டு பவர் சப்ளைகளும் மின்சாரம் தருகின்றனவா, வி.ஆர்.ஆர்.பி.யில் யார் தலைமை என்பவற்றில் எது மாறினாலும் உங்களுக்குச் செய்தி வர வேண்டும். அந்தச் செய்தியை, முழு நெட்வொர்க்கும் நின்றதற்குச் சமமான அவசரத்துடன் கவனியுங்கள். பயனர்களுக்கு எதுவும் நேராத அந்த நாள்தான் நிதானமாகச் சரிசெய்யக் கிடைக்கும் நாள்.

அடுத்தது சோதனை. நிறுவிய நாளில் செய்த சோதனை அன்றைய நெட்வொர்க்குக்கு மட்டுமே பொருந்தும். 6 மாதத்துக்கு ஒரு முறையும், ஒவ்வொரு பெரிய மாற்றத்துக்குப் பிறகும் மறுபடி செய்யுங்கள். சுவிட்சை அணைப்பது சோதனைகளில் எளிதானது. எல்லா விளக்குகளும் ஒன்றாக அணைவதால் மற்ற சுவிட்ச் அதைத் தெளிவாக அறிந்துகொள்ளும். அரைகுறையான பழுதுகளே கடினமானவை. அப்லிங்கை மட்டும் பிடுங்கிப் பாருங்கள். ஃபைபரில் ஓர் இழையை மட்டும் கழற்றிப் பாருங்கள். ஒரு திசையில் மட்டும் பேசும் இணைப்பில், அடைத்து வைத்திருந்த போர்ட் எதிர்முனைச் செய்தி வராததைக் கண்டு தன்னைத் திறந்துகொண்டு, சில சமயம் வளையத்தையே உண்டாக்கிவிடும். அதைத் தடுக்கும் லூப் கார்டு போன்ற காவல்கள் உங்கள் சுவிட்சில் இயங்குகின்றனவா என்பது அப்போது தெரிந்துவிடும். இரண்டு ஃபைபர்களும் ஒரே குழாயில் செல்கின்றனவா என்பதை மட்டும் எந்தச் சோதனையும் காட்டாது. அதை நடந்துபோய்க் கண்ணால் பார்க்க வேண்டும்.

சோதனை தொடங்கும் முன் இரண்டு சுவிட்சுகளிலும் அமைப்பைச் சேமித்துவிட்டீர்களா என்று பாருங்கள். மாதக்கணக்கில் சேமிக்காமல் ஓடிய அமைப்பு மறுதொடக்கத்தில் மறைந்துபோவதும் நடக்கும். பிறகு ஒரு கணினியிலிருந்து சர்வருக்கு இடைவிடாமல் பிங் அனுப்பிக்கொண்டே கேபிளைப் பிடுங்கி, எத்தனை நொடி தடைப்பட்டது என்று எழுதிக்கொள்ளுங்கள். திரும்பச் செருகும்போதும் அதேபோல் எழுதிக்கொள்ளுங்கள். செருகிய பிறகு 10 நிமிடமாவது காத்திருந்து, கண்காணிப்புத் திரையில் எல்லாம் பழைய நிலைக்கு வந்ததைப் பார்த்த பின்னரே அடுத்த கேபிளைத் தொடுங்கள்.